பச்சையம்மாளின் கறுத்த கம்மல்

பச்சையம்மாளுக்குக் கறுப்பு ஆகாது. வெள்ளிக்கிழமையில் கறுப்பு நூலைத் தார்க்குச்சியில் சுற்ற மாட்டாள். புருஷன் கன்னையா கறுப்புக் கரை வைத்த புடவைக்குப் பாவு நூல் வாங்கி வந்துவிட்டால், அந்தப் புடவை தறியைவிட்டு இறங்கும்வரை அந்த வீட்டுக் குழம்பில் உப்பு சரியாக விழாது. நகரியில் எங்கள் நெசவுத் தெருவில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர்தான். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். ஆகவே இதெல்லாம் எனக்கு யாரும் வந்து சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகள் கழுத்தில் ஒரு சரம் கறுப்பு மணி.

சென்னம்மா வெதுருகுப்பத்துப் பெண். குலம் ஒன்றுதான், தொழிலும் நெசவுதான். ஆனால் அந்தப் பக்கம் போய்க் குடியேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டதில் வீட்டில் பேச்சு தெலுங்கு, கல்யாண முறையும் தெலுங்கு. தாலியோடு கறுப்பு மணிச் சரமும் போட வேண்டும், அதை மாமியார் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சொன்னதும், பச்சையம்மாள் கொண்டுபோன வெற்றிலைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா கொயந்த கயுத்துல கறுப்பக் கட்டச் சொல்றாங்களே, இன்னா மனுசருங்க இவங்க?"

"அவங்களுக்கு அதான் மங்களம், பச்ச. நல்லபூசலு, நல்லபூசலுன்னு எவ்ளோ ஆசையா சொல்றாங்க" என்றார் கன்னையா. "ஏற்கெனவே எந்த ஊரு ஆந்திராவுக்கு, எந்த ஊரு மெட்ராசுக்குன்னு பெரிய மனுசனுங்க கோடு கிழிச்சிக்கினு இருக்கறாங்க. நீ ஒரு சரம் மணிக்கு வேற கமிசன் வெக்காத."

கன்னையாவுக்கு எதைப் பேசினாலும் எல்லையில் வந்து நிற்கும். சாம்பாரில் புளி குறைந்தால்கூட, திருத்தணி சந்தை கைவிட்டுப் போவதைப் பற்றித்தான் சொல்வார். அவர் பேச்சுக்கு வீட்டில் பெரிய மதிப்பு இல்லையென்றாலும் அன்று மதிப்பு இருந்தது. பையன் பழனி அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றான். கல்யாணம் திருப்பதியில் நடந்தது. மணிச் சரத்தைப் பச்சையம்மாள்தான் வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்பது பின்னால் வரும்.

பச்சையம்மாளின் பெருமையெல்லாம் அவள் காதில் இருந்தது. நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு கல், பூப்போல ஏழு வெள்ளைக் கல் வைத்த கம்மல். காலையில் தெருவில் பாவு போட்டு எல்லோரும் கஞ்சி பூசிக்கொண்டிருக்கும்போது, வெயில் பட்டு அது எதிர் வீட்டுச் சுவரில் புள்ளி புள்ளியாக ஓடும். "எங்கம்மா போட்டது. அசல் வைரம்" என்பாள். யாரும் கேட்கவில்லையென்றாலும் சொல்வாள். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொள்வோம்.

இப்படி ஒரு பக்கம் வெள்ளையும் ஒரு பக்கம் கறுப்புமாக மாமியாரும் மருமகளும் ஆரம்பத்தில் உரசிக்கொண்டுதான் இருந்தார்கள். புளிச்சகீரையை மிளகாய் போட்டு மசிப்பதா, துவரம்பருப்பு போட்டுக் கடைவதா என்பதற்கே ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு பழனிக்கு உடம்பு முடியாமல் போனது. அதோடு உரசல் நின்றது.

முதலில் இருமல். தறிக்குழியில் உட்காருகிறவனுக்கு இருமல் வராமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் துப்பியதில் சிவப்பு. கன்னையா கையைக் காலைப் பிடித்து ஆளைப் பிடித்து மதனப்பள்ளி பக்கத்தில் இருக்கிற நெஞ்சு வியாதி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஆனியில் போனவன், தை பிறக்கப் போகிறது, வரவில்லை. ஊசி போட்டார்கள். மாத்திரை, பால், முட்டை கொடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பொங்கலுக்குப் பிறகு இன்னொரு படம் எடுப்போம், நன்றாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவோம், இல்லையென்றால் விலா எலும்பை எடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு படத்துக்காக அந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

போகி அன்றைக்கு வீட்டைக் கழுவி மெழுகிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பெரிய அண்டாவில் நூல் வெந்துகொண்டிருந்தது. சாயம் ஏற்றுவதற்கு முன்னால் நூலைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்து அழுக்கு எடுப்பது எங்கள் தெருவில் வழக்கம். சென்னம்மா மணிச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தெ, சரடு நைஞ்சி நேத்து பெருகிடுச்சி."

கழுத்தில் கிடப்பது அறுந்தால் அறுந்தது என்று சொல்லக் கூடாது. அது மட்டும் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது.

"பெருகனா பெருகட்டும், வேற சரட்டுல கோத்துக்கலாம். இங்க குடு. ஐயோ, மஞ்சாவும் வேர்வையும் ஏறி எப்பிடி மங்கிக் கெடக்குது பாரு. என் கம்மலும் எண்ணெ புடிச்சித்தான் கெடக்குது. ரெண்டையும் இந்தச் சொம்புல போடு. அண்டாவுல இருந்து ஒரு மொண்டு சுடுதண்ணி ஊத்து."

"அது சோடா கலந்த தண்ணியாச்சே அத்தெ."

"கலந்தா இன்னா? துன்னவா போறோம்? எப்பேர்ப்பட்ட அழுக்கு நூலும் அதுல வெந்தா மல்லிப்பூ கணக்கா வருது. கல்லு வராதா?"

நெசவாளிக்கு உலகத்தில் எல்லாமே நூல்தான். சொம்பில் ஒன்றாகப் போட்டார்கள். பச்சையம்மாள் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு பொங்கல் வேலையைப் பார்க்கப் போனாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சென்னம்மா சொம்பைக் கவிழ்த்தாள். அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் தண்ணீர் ஓடியது. மணிகளில் பாதி வெளுத்திருந்தன. சில திட்டுத்திட்டாக, சில மீன் கண்ணைப் போல நிறமே இல்லாமல். கம்மலைத் துணியில் துடைத்து, அதைச் சரியாகப் பார்க்காமலே மாடத்தில் வைத்தாள். மணிகளை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். கறுப்பாக இருந்தவற்றை முன்பக்கம் வரும்படியும், வெளுத்தவை பிடரிப் பக்கம் போகும்படியும் கோத்துக் கழுத்தில் போட்டு, மேலே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பச்சையம்மாள் மாடத்திலிருந்து கம்மலை எடுத்தாள். இடது கம்மலில் நடுக்கல்லும் கூட மூன்று கல்லும் புகை பிடித்தது மாதிரி இருந்தன. வலதில் ஒரு கல்தான் பிழைத்தது. புடவையால் தேய்த்தாள், விபூதி போட்டுத் தேய்த்தாள். கறுப்பு மேலே இல்லை, உள்ளே இருந்தது.

சோடாத் தண்ணீரில் சாயம் போகும் என்று நூல்காரர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நிம்மதியாக இருக்கிற வீட்டில் அது சாயம். பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிற வீட்டில், பெண்டாட்டி கழுத்து மணி வெளுத்துப்போனால் அதைச் சாயம் என்று சொல்ல வாய் வராது. பெற்றவள் காதில் வெள்ளை கறுத்துப்போனாலும் அப்படித்தான். இருவரும் பயந்தார்கள். பயந்ததைவிட ஒன்று அதிகமாகச் செய்தார்கள். மற்றவளுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தார்கள். தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள் என்று இவளும், இவள் தாங்க மாட்டாள் என்று அவளும்.

அந்தப் பொங்கலில் பச்சையம்மாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பரிமாறினாள். "காதுல புண்ணு" என்றாள். சென்னம்மா கழுத்தைச் சுற்றி முந்தானையைச் சுற்றிக்கொண்டு சாப்பிட்டாள். "குளுருது" என்றாள். கன்னையா மொச்சையும் அவரைக்காயும் போட்ட பூசணிக் குழம்பைப் பிசைந்துகொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் துலுக்க வூட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி மூடிக்கினு உக்காந்துக்கினு இருக்கறீங்க?"

"நீங்க துன்னுங்க" என்றாள் பச்சையம்மாள்.

மாட்டுப் பொங்கல் முடிந்ததும் கன்னையா ஒரு பை நிறையக் கடலை உருண்டையோடு மதனப்பள்ளிக்குக் கிளம்பினார். ரேணிகுண்டாவிலும் பாகாலாவிலும் ரயில் மாற வேண்டும். படம் எடுத்து, டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அங்கேயே தங்கிவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் தெரு திரும்பியதும் வீட்டுக்குள் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் வாய் திறந்ததை இந்தப் பக்கம் நான் கேட்டேன்.

"அத்தெ, நான் திருப்பதிக்குப் போயி…"

"சென்னம்மா, நான் திருப்பதிக்குப் போயி கோயிந்தராஜ சாமிய…"

"சேந்தே போலாம்" என்றாள் பச்சையம்மாள், பிடிக்காத மருந்தைக் குடித்த குரலில்.

நடந்ததைப் பிறகு இருவரும் ஆளுக்கொரு விதமாக எங்களிடம் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துக் கோத்துத்தான் சொல்கிறேன்.

ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் விடியற்காலைப் பனியில் ரயில் ஏறினார்கள். கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் இலையில் கட்டி எடுத்துப்போயிருந்தார்கள். வண்டியில் மொட்டை போடப் போகிற கூட்டம். கரும்பு வயலும் மாந்தோப்பும் பனியோடு பின்னால் ஓடின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, ஏப்ரல் பிறந்தால் திருத்தணி மெட்ராசோடு போகிறது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னையா இருந்திருந்தால் திருப்பதி வரைக்கும் வாய் ஓயாது. இவர்களுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஒருத்தி முக்காட்டை இழுத்துக்கொண்டாள், ஒருத்தி முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

கோவிந்தராஜ சுவாமியைச் சேவித்தாயிற்று. மண்டபத்து நிழலில் பச்சையம்மாள் மூட்டையை இறக்கினாள்.

"நீ இங்கியே குந்திக்கினு இரு. சோத்து மூட்டையப் பாத்துக்க. இங்க நம்ம பக்கத்து அம்மா ஒருத்தி இருக்கறா, பாத்துட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன்."

"நேனு கூட ஒஸ்தானு அத்தெ" என்று, தானும் கூட வருவதாகச் சொன்னது சென்னம்மாவின் வாய். பதறினால் அவளுக்குத் தெலுங்குதான் முதலில் வரும். "இல்ல இல்ல, நீங்க போயிட்டு வாங்க. மெதுவாவே வாங்க."

மாமியார் தலை மறைந்ததும் சென்னம்மா சோற்று மூட்டையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள். நகரிப் பக்கத்துப் பெண்களுக்குத் திருப்பதியில் நகை வேலை என்றால் கோயிலுக்குப் பின் சந்தில் இருக்கிற தணிகாசலம் பத்தர்தான். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். கடை என்றால் ஒரு பாய், ஒரு குமுட்டி அடுப்பு, ஒரு ஊதுகுழல். பாயின் ஓரத்தில், காதில் வேப்பங்குச்சியோடு, முக்காடு நழுவி விழுந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள் பச்சையம்மாள். பத்தர் முன்னால் விரித்த சிவப்புத் துணியில் கறுத்துப்போன கம்மல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பச்சையம்மாள் கையால் கம்மலை மூடினாள். சென்னம்மாவின் கை கழுத்துக்குப் போனது. மூடினால் என்ன, எல்லாம் தெரிந்துவிட்டது.

"உன்னுது இன்னா?" என்றாள் பச்சையம்மாள்.

சென்னம்மா முந்தானையை எடுத்தாள். பிடரியில் கிடந்த வெளுத்த மணிகளை முன்னால் இழுத்துக் காட்டினாள். பச்சையம்மாள் "ஐயோ எம் மவனே" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"அய்ய, நிறுத்துங்கம்மா" என்றார் பத்தர். அவருக்கு வாயில் வெற்றிலை, மூக்கு நுனியில் கோபம். "கடயில வந்து ஒப்பாரி வெச்சா எனக்கு யாரு வருவாங்க? மொதல்ல ரெண்டையும் எந்தத் தண்ணில முக்கனீங்க, சொல்லுங்க."

"நூலு வேவுற தண்ணில" என்றாள் சென்னம்மா.

"சுடச்சுடவா?"

"சுடச்சுட."

"சோடா போட்டதா?"

"சோடா போட்டது."

பத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாப்பது வருசமா இந்தத் தொழில் பண்றேன். பூந்திக்கொட்டையில போட்டவங்களப் பாத்திருக்கறேன், புளியில போட்டவங்களப் பாத்திருக்கறேன். நூலு அண்டாவுல போட்டது நீங்கதான். எங்கிட்ட சொன்னதோட வுட்டுடுங்க, வேற பத்தர்கிட்ட சொல்லாதீங்க, சிரிப்பான்."

அவர் கம்மலைத் திருப்பினார். பின்பக்கம் தங்கத்தால் மூடியிருந்தது.

"இங்க பாரும்மா. இந்தக் கல்லு இருக்குதே, இதுக்கு நெறமே கெடயாது. தண்ணி மாதிரி. தண்ணிய எந்தப் பாத்திரத்துல ஊத்தறமோ அந்த நெறமாத்தான தெரியும்? அதுக்குத்தான் பழைய ஆளுங்க பின்னால அரக்கு வெச்சி, அது மேல வெள்ளித் தகடு வெச்சி, அப்பால கல்ல வெச்சி மூடுவாங்க. நீ இத்தினி நாளா காதுல மினுக்கிக்கினு இருந்தியே, அது கல்லு மினுக்குனது இல்ல, தகடு மினுக்குனது. சுடுதண்ணில அரக்கு எளகிடுச்சி. சந்துல தண்ணி பூந்துடுச்சி. தகடு கறுத்துப் போச்சி. கல்லுக்கு ஒண்ணும் ஆவல. அது பாட்டுக்கு இருக்குது."

"அப்ப இது…" பச்சையம்மாள் இழுத்தாள்.

"வைரமான்னு கேக்கறியா? வைரத்துக்கு எதுக்குத் தகடு? இது வெள்ளக் கல்லு. நல்ல கல்லுதான், வைரம் இல்ல."

சென்னம்மா சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். மாமியாருக்கு அவமானம் ஆகிவிடுமே என்று அவளுக்குத் தவிப்பு. பச்சையம்மாளோ தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும். எங்கம்மா போடும்போதே சொல்லிச்சி. நான்தான் ஊரெல்லாம் வைரம் வைரம்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்."

பத்தர் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவருடைய கடுகடுப்பை மன்னித்துவிடலாம். அடுத்து சென்னம்மாவிடம் கை நீட்டினார். "சரத்தக் கயட்ட வேணாம்மா. உதிர்ந்த மணி ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

சென்னம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒன்றைக் கொடுத்தாள். பத்தர் குறடால் அழுத்தினார். மணி பட்டென்று உடைந்தது. உள்ளே கறுப்பே இல்லை. சும்மா கண்ணாடி.

"பாத்தியா? மேல கறுப்பு பூசனது. அசல் கறுப்பு மணின்னா ஒடச்சாலும் உள்ள கறுப்பாத்தான் இருக்கும். கண்ணாடிய உருக்கும்போதே கறுப்பு சேத்துடுவாங்க, வேர்வ பட்டாலும் போவாது, எண்ணெ பட்டாலும் போவாது. இந்தா, எங்கிட்ட இருக்கற உரகல்லும் கறுப்புதான். எங்கப்பா காலத்துல இருந்து தங்கத்த தேய்க்கறோம், வெளுத்துச்சா? இது தெருவுல கூறு கட்டி விக்கறது. இந்தப் பூச்சு கழண்டு அதே சொம்புல சுத்தி அந்தம்மா கம்மல்லயும் பூந்திருக்குது. எந்தக் கம்னாட்டி உனுக்கு இத்த வாங்கிக் குடுத்தான்?"

குமுட்டி அடுப்பில் கரி வெடித்தது. சென்னம்மா அடுப்பையே பார்த்தாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் பச்சையம்மாள்.

அவள் அழுதாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் இதே சந்துக்குத்தான் வந்தாளாம். வரும் வழியில் கோயில் வாசலில் கோணிமேல் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்களாம். கறுப்புதானே, கறுப்புக்கு என்ன நல்ல கறுப்பு கெட்ட கறுப்பு, கழுத்தைச் சுற்றிக் கிடந்தால் போதாதா என்று ஆத்திரத்தில் கையில் வந்ததை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாளாம். "என் வாய்க்கொழுப்பு, மனக்கொழுப்பு. ஒரு பொண்ணு கயுத்துக்குக் குடுக்கறோமேன்னு நெனச்சிப் பாக்கலியே நான். அதான் இப்ப எம் மவன் நெஞ்சுல வந்து நிக்குது."

சென்னம்மா அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனுக்குத் தெரியும் அத்தெ."

"இன்னா தெரியும்?"

"கல்யாணத்தன்னிக்கே தெரியும். வேர்வையில கயுத்தெல்லாம் கறுப்பு ஒட்டிக்கினு இருந்துச்சி. எங்கம்மா பாத்துட்டு, இது மஞ்சிதி காது, நல்ல மணி இல்ல, வேற மாத்திக்கடின்னாங்க. நான்தான் மாத்தல. நீங்க உங்க கையால குடுத்தது. மாத்தனா உங்களுக்குச் சங்கடமாப் பூடும்."

"தெரிஞ்சிக்கினேவா இத்தினி நாளா போட்டுக்கினு இருந்த?"

"தெரிஞ்சாலும், சொம்புல வெளுத்துக் கெடந்தப்ப பயம் வந்துடுச்சி அத்தெ. சாயம்தான்னு புத்தி சொல்லுது. மனசு கேக்கல."

பச்சையம்மாள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையால் அவள் கண்ணையும் துடைத்தாள். பத்தருக்கு இதெல்லாம் நீளமாகப் பட்டிருக்க வேண்டும். கம்மலை விட்டுவிட்டுப் போனால் பழைய தகட்டை எடுத்துப் புதுத் தகடு வைத்து, பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

"வேணாம்" என்றாள் பச்சையம்மாள். "எம் மவன் சேதி வர நேரத்துல நான் மூளிக் காதோட இருக்க மாட்டேன். கறுத்ததே இருக்கட்டும். மொதல்ல எம் மருமவளுக்கு நல்ல கறுப்பு மணி எடுங்க. ஒடச்சாலும் உள்ள கறுப்பா இருக்கணும்."

பத்தர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். பச்சையம்மாள், கறுப்பையே பார்க்கப் பிடிக்காதவள், ஒவ்வொரு மணியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டையில் கண் வைத்துப் பார்த்துப் பொறுக்கினாள். கோக்கப் பட்டுச் சரடு வாங்கிக்கொள்ளச் சொன்னார் பத்தர். அவள் கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த நூல் சிட்டத்திலிருந்து இழை பிரித்து, தொடையில் வைத்து முறுக்கி, மடக்கி மறுபடி முறுக்கி, அங்கேயே கோத்தாள். பாவில் அறுந்த இழையை இணைக்கப் போடுகிற நெசவு முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சு இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது.

"கல்லு நகையத் தண்ணியே காட்டாதீங்க" என்று பத்தர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "பஞ்சுத் துணியால தொடச்சா போதும். கம்மல் வேற துணி, மணி வேற துணி, ஒண்ணோட ஒண்ணு ஒரசக் கூடாது. மஞ்சா பூசி காஞ்சப்பறம் போட்டுக்கணும். கேக்குதா? அந்த அண்டா பக்கமே போவாதீங்க."

பச்சையம்மாள் பழைய சரத்தை எடுப்பதற்கு முன்னாலேயே புதுச் சரத்தை மருமகள் கழுத்தில் போட்டாள். இனி ஒரு நொடிகூட அந்தக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று. கல்யாணத்தில் மனசில்லாமல் கொடுத்ததை அன்றைக்கு மனசாரக் கொடுத்தாள் என்று எங்களிடம் சொன்னபோது சென்னம்மா அந்தச் சரத்தைத் தொட்டுக்கொண்டாள்.

திரும்பி மண்டபத்துக்கு வந்தபோது சோற்று மூட்டையைப் பார்த்துக்கொண்ட குடும்பம் பாதிக் களியைத் தின்றிருந்தது. மீதியை இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள்.

அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள், பாவுக்குக் கஞ்சி பூசி முடிக்கும் நேரம். தெரு முழுக்க நீளமாக நூல் விரிந்து கிடக்கிறது. பச்சையம்மாள் ஒரு பக்கம், சென்னம்மா ஒரு பக்கம், உதவிக்கு நாங்கள் இரண்டு மூன்று பேர். தெரு முனையில் கன்னையா தோன்றினார். பை காலியாக இருந்தது. சவரம் செய்யாத முகம். அதில் ஒன்றும் தெரியவில்லை. பச்சையம்மாள் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

கன்னையா நேராக விஷயத்துக்கு வந்தால் அவர் கன்னையா இல்லை. "பாகாலாவுல ரயிலு ரொம்ப லேட்டு" என்று ஆரம்பித்தார். "அங்க ஒரு ஆளு சொல்றான், நகரி எப்பவும் ஆந்திராவுலதானாம், இனிமே மாறாதாம்…"

"பையன் எப்பிடி இருக்கறான்?" பச்சையம்மாள் குரல் தெருவுக்கே கேட்டது.

"இருக்கறான். படம் எடுத்தாங்க. டாக்டரு என்னையும் உள்ள கூப்ட்டு, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிக் காமிச்சாரு. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல. பழசுல மேல் பக்கம் ஒரே வெள்ளையா மேகம் மாதிரி இருந்துச்சி."

"புதுசுல?"

"புதுசுல வெள்ளையே இல்ல. கறுத்துப் போச்சி. ரெண்டு பக்கமும் கறுப்பு. முழுக்க கறுப்பு."

பச்சையம்மாள் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சிச் சட்டி சரிந்து மண்ணில் ஓடியது. "கறுத்துப் போச்சா? எம் மவன் நெஞ்சு கறுத்துப் போச்சா?" என்று மாரில் அறைந்துகொண்டாள். சென்னம்மா புது மணிச் சரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் ஓடினோம்.

கன்னையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"ஏன், இன்னாத்துக்கு அழுவுறீங்க? யார்னா சொல்லுங்களேன்!"

"நீதான்யா இப்ப சொன்ன, கறுத்துப் போச்சின்னு" என்றேன் நான்.

"ஆமா! கறுத்தாத்தான நல்லது!" கன்னையா கத்தினார். "அந்தப் படத்துல வெள்ளையா தெரியறதுதான் நோவாம். நல்ல நெஞ்சு கறுப்பாத்தான் தெரியுமாம். டாக்டரே எங்கையப் புடிச்சிக் குலுக்குனாரு. ஆபரேசன் வேணாம்னுட்டாரு. மாசி மாசம் வந்து கூட்டிக்கினு போங்கன்னுட்டாரு. அத்த சொல்லத்தான நான் ஓடி வரேன்!"

பிறகு பச்சையம்மாள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் கன்னையா இரண்டடி பின்னால் போனார்.

"அத்த மொதல்ல சொல்லக் கூடாதா நீ? ரயிலு லேட்டு, நகரி ஆந்திரா! உன் எல்லையில மண்ணள்ளிப் போட!" என்று ஆரம்பித்து அவள் திட்டிய திட்டு, எங்கள் தெருவில் இன்றும் பேசப்படுகிறது. திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். சென்னம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். கஞ்சி பூசி முடிக்காமல் விட்ட பாவு வெயிலில் காய்ந்து முறுக்கேறிப்போனது. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

தணிகாசலம் பத்தர், தகடு தயாராக இருக்கிறது, கம்மலைக் கொண்டு வரச் சொல்லுங்கள் என்று திருப்பதிக்குப் போனவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். பச்சையம்மாள் போகவில்லை. யாராவது அந்தக் கம்மலைப் பார்த்து முகம் சுளித்தால், அவளுக்கு முன்னால் சென்னம்மா முந்திக்கொள்வாள். "எங்கத்தெ போட்டுக்கினு இருக்கறது அசல் வைரம். கொஞ்சம் கறுத்திருக்குது, அவ்ளோதான்" என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மாசியில் பழனியைக் கூட்டிவரப் பச்சையம்மாளும் போனாள். ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் சென்னம்மாவோடு நாங்கள் பாதித் தெரு போய் நின்றோம். பழனி உடம்பு தேறி, கன்னம் உப்பி, கூச்சத்தோடு இறங்கினான். சென்னம்மாவை நிமிர்ந்து பார்த்தான், உடனே பார்க்காத மாதிரி அம்மா பக்கம் திரும்பினான். மதனப்பள்ளியிலிருந்து வழியெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறான், அப்போதுதான் வெயிலில் அவள் காது கண்ணில் பட்டது போலிருக்கிறது.

"இன்னாம்மா இது, கம்மல் இப்பிடிக் கறுத்துப் போச்சி? பத்தர்கிட்ட குடுத்து வெளுப்பாக்கக் கூடாதா?"

பச்சையம்மாள் அவன் நெஞ்சில் கையை விரித்து வைத்தாள். அது ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடா. வெளுப்பு எதுக்குடா நமக்கு?" என்றாள். "கறுப்பாவே இருக்கட்டும்."